தராசில் வென்று றிங்கில் தோற்பது

பின்னேரத்தில் முற்றவெளிப் பக்கம் போனால், மே மாத வெக்கையிலும் பெனியனுக்குள் பொலித்தீன் சுற்றிக்கொண்டு ஓடும் குத்துச்சண்டைப் பெடியளைக் காணலாம். ஒரு நிறைப் பிரிவு கீழே இறங்கினால் எதிராளி சின்ன ஆளாக வருவான் என்பது அவர்கள் கணக்கு. காசுக்குக் குத்திய பெரிய வீரர்களும் இதே கணக்கில்தான் பிழைவிட்டார்கள். கையை இறக்கிக்கொண்டு நிற்பது போன்ற றிங்குக்குள் விடும் பிழைகளைக் கோச் திருத்துவார், அவை இங்கே இல்லை. றிங்குக்கு வெளியே எடுக்கும் பிழையான முடிவுகள்தான் இங்கே.

நிறையைக் கழற்றிப் பழைய பிரிவுக்குத் திரும்புவது

றோய் ஜோன்ஸ் 2003 மார்ச் 1 அன்று ஜோன் ரூயிஸை வென்று, எல்லாவற்றிலும் பாரமான பிரிவான ஹெவிவெயிட்டில் பட்டம் எடுத்தார். அன்று அவர் நிறை 193 றாத்தல். அதோடு ஓய்ந்திருக்கலாம், மேலேயே நின்றிருக்கலாம். நவம்பர் 8இல் அன்ரோனியோ ராவருடன் மோதத் தன் பழைய பிரிவான 175க்கு இறங்கினார். எட்டு மாதத்தில் 18 றாத்தல், ஏறக்குறைய 8 கிலோ. பாடுபட்டு ஏற்றிய தசையைத்தான் கரைத்தார். நடுவர்களின் புள்ளிகளில் தப்பினார். அந்த எச்சரிக்கை போதவில்லை. 2004 மே 15, இரண்டாம் றவுண்டில் ராவரின் இடது கை அவரைப் படுக்க வைத்தது. செப்டெம்பரில் கிளென் ஜோன்சன் ஒன்பதாம் றவுண்டில் வீழ்த்தினார். வயதும் 35தான், பழி முழுவதையும் தராசில் போட முடியாது. ஆனாலும் இறங்கிய முடிவு அவருடையது.

அமெச்சூரில் போட்டி நாள் காலையில் நிறை பார்ப்பார்கள். தொழில்முறையில் வழக்கமாக முதல் நாளே பார்த்துவிடுவார்கள். அந்த இடைவெளிதான் பொறி. தண்ணீரையும் உப்பையும் குறைத்து, வியர்க்கவைக்கும் சூட்டறையான சோனாவில் இருந்து நாலைந்து கிலோ கழற்றலாம். தராசிலிருந்து இறங்கியதும் குடித்தால் எண் திரும்பிவிடும், உடம்பு அவ்வளவு கெதியாகத் திரும்பாது. முதல் மூன்று றவுண்ட் நன்றாகப் போகும். பிறகு அடி வருவது கண்ணுக்குத் தெரியும், கால் மட்டும் நகராது.

2008 டிசம்பர் 6இல் ஒஸ்கார் டி லா ஹோயா ஏழு வருடத்துக்கு மேல் தொடாத 147 றாத்தல் பிரிவுக்கு இறங்கினார். தராசில் 145 காட்டியது. சின்னப் பிரிவுகளிலிருந்து ஏறி வந்த எதிராளி பக்கியாவோவுக்கு 142. எட்டு றவுண்டோடு டி லா ஹோயா தோற்றார். அவர் திரும்பக் குத்தவேயில்லை.

மூன்று கிழமை, காலையில், சாப்பிட முன் நிறையைப் பார்த்து எழுதுங்கள். சராசரியில் 5 வீதத்துக்கு மேல் கழற்றச் சொல்லும் போட்டியை ஒப்புக்கொள்ள வேண்டாம். 70 கிலோ ஆளுக்கு 66.7 கிலோ வெல்டர்வெயிட் சரி. 63.5க்குக் கேட்டால், காசு எவ்வளவு என்றாலும் இல்லை.

வென்றுகொண்டிருக்கும்போது கோச்சை அனுப்புவது

மைக் ரைசன் 1988இல் தன் கோச் கெவின் றூனியை விலக்கினார். 1990 பெப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அடித்துக் கண் வீங்கியபோது, வீக்கத்தை அமுக்கும் குளிர் இரும்பு மூலையில் நின்ற அவரது ஆட்களிடம் இல்லை. றப்பர் கையுறைக்குள் ஐஸ் தண்ணீரை ஊற்றிக் கண்ணில் வைத்தார்கள். பத்தாம் றவுண்டில் ரைசன் விழுந்தார்.

சொந்தக்காரரை நம்பி ரிக்கெற்

லண்டன் சின்ன மண்டபங்களில் தொழில்முறைக்கு வரும் புதியவர் பெரும்பாலும் தன் ரிக்கெற்றைத் தானே விற்க வேண்டும். எதிராளியின் சம்பளமும் அதிலிருந்தே போகும். முதல் போட்டிக்கு மாமா, சித்தப்பா எல்லாரும் வருவார்கள். நாலாவது போட்டிக்கும் வருவார்களா என்று இப்போதே கேளுங்கள்.

ஒப்பந்தம்

போட்டி நடத்துபவருடன் போடும் ஒப்பந்தத்தில், பட்டம் வென்றால் அது தானாக நீளும் என்ற வரி இருந்தால், கையெழுத்து வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்றே ஒன்று

முகமது அலி, 38 வயது, 1980இல் லாரி ஹோம்ஸிடம் பத்து றவுண்ட் அடி வாங்கித் தோற்றார். அடுத்த வருடம் இன்னொரு போட்டி, அதிலும் தோல்வி.