புல்வெளிக்குள் புகும் பைன்: அகற்றும்போது எங்கே சறுக்குகிறோம்?

கொடைக்கானலில் எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் பைன் தோப்பு பார்க்க அழகுதான். அதன் விதை போய் விழும் புல்வெளிக்குத்தான் ஆபத்து. பழனி மலையில் 1973-இல் சுமார் 374 சதுர கிலோமீட்டர் இருந்த மலைப் புல்வெளி, 2014-இல் சுமார் 124-ஆகச் சுருங்கிவிட்டது. சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), மெக்சிகோவிலிருந்து வந்த பாட்டுலா பைன், மூன்றுக்கும் இதில் பங்குண்டு.

பைனை அகற்றக் கிளம்புபவர்கள் நேரே தோப்பில்தான் கை வைக்கிறார்கள். அங்கே நூறு மரத்தைச் சாய்ப்பதைவிட, தள்ளிப் புல்லுக்கு நடுவே தனியாக நிற்கும் நாலு மரத்தை முதலில் எடுப்பது மேல். விதைக்கு இறக்கை உண்டு. மேட்டில் நிற்கும் ஒற்றை மரம் சரிவு முழுக்க விதைத்துவிடும். ஐந்தாறு வயதிலேயே காய்க்கத் தொடங்குவதால், இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை அதே இடத்தைச் சுற்றி வராவிட்டால் செய்த வேலை வீண்.

முழங்கால் உயரக் கன்றை மழைக்குப் பிறகு வேரோடு பிடுங்கலாம். பிடுங்கியதை ஈர மண்ணில் போடாமல், வேர் மேலே தெரியும்படி பாறைமேல் கவிழ்த்து வையுங்கள். பெரியதைத் தரையோடு ஒட்டி வெட்ட வேண்டும். புல்லுக்குள் மறைந்த ஒரே ஒரு பச்சைக் கிளை அடியில் மிஞ்சினால் போதும், அது நிமிர்ந்து புது உச்சியாகிவிடும். வெட்டியபின் புல்லை விலக்கிக் கையால் தடவிப் பாருங்கள். பச்சை இல்லையென்றால் கட்டைக்குக் களைக்கொல்லி மருந்து வேண்டாம். கற்பூர மரத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அது வெறும் கட்டையிலிருந்தே துளிர்க்கும்.

தீ வைப்பதுதான் மிகப் பெரிய தவறு. பாட்டுலாவின் காய்கள் பிசினால் மூடி வருடக்கணக்கில் கிளையிலேயே இருக்கும். சூட்டில் அவை வாய் திறக்கும், போட்டிக்குப் புல் இல்லாத சாம்பலில் விதை கொட்டும். காயோடு வெட்டிப் போட்ட கிளையும் காய்ந்தால் இதையே செய்யும். அதனால் புல்வெளியில் இழுத்துப் போடாமல் விழுந்த இடத்திலேயே குவியுங்கள், முளைப்பதை ஒரே இடத்தில் பிடுங்கலாம்.

முதிர்ந்த தோப்பை மொத்தமாக மொட்டையடிப்பதும் கூடாது. நிழலில் சோலை (இந்த மலையின் இயற்கைக் காடு) மரக் கன்றுகள் வந்திருக்கும். வெயில் பட்டால் மண்ணில் பல வருடமாகக் கிடக்கும் சீகை விதைதான் முந்திக்கொண்டு முளைக்கும்.

காலியான புல்வெளியில் சோலை மரம் நடுபவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அங்கே வேண்டியது புல். சருகை வாரிவிட்டு, பக்கத்துப் புல்வெளியின் புல் தூர்களைப் பிரித்து நடுங்கள். காப்புக்காட்டில் அந்நிய மரமானாலும் வனத்துறை அனுமதியில்லாமல் அரிவாள் எடுக்கக் கூடாது.