நான்கு கிளிப், ஆறு குமிழ், ஒரு முக்கோணம்

இதயத்தின் மின்சாரத்தைத் தாளில் கோடாகப் படமெடுக்கும் இ.சி.ஜி. அறைக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் இயந்திரத்தைக் காட்டுவதில்லை. ஒரு தாளைக் கொடுத்து முக்கோணம் வரையச் சொல்வேன். மூன்று பக்கமும் சமம். மேல் முனைகள் இரண்டும் கைகள், கீழ் முனை இடது கால், நட்டநடுவில் ஒரு புள்ளி, அதுதான் இதயம். “உடம்பு இப்படியா மேடம் இருக்கிறது?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். இல்லைதான். இருப்பதாக வைத்துக்கொண்டுதான் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முக்கோணத்தைத் தந்தவர் நெதர்லாந்தின் லைடன் நகரத்து வில்லெம் ஐந்தோவன். 1924-ல் நோபல் பரிசு பெற்றவர். ஜெல்லும் கிளிப்பும் இல்லாத காலம். இரண்டு கைகளையும் இடது காலையும் உப்புநீரில் அமிழ்த்தி வைத்து அளந்தார். கணக்கு கைக்குள் அடங்க வேண்டுமே, அதற்காகச் சிலவற்றை ‘இப்படி வைத்துக்கொள்வோம்’ என்று வைத்துக்கொண்டார். இதயத் தசையில் அந்தந்தக் கணத்தில் ஓடும் மின்சாரம் முழுவதையும் ஒரே ஓர் அம்பாகக் கருதலாம். அந்த அம்பு நெஞ்சின் நடுவில் ஒரே இடத்தில் நிற்கிறது. சுற்றியுள்ள உடம்பு எங்கும் ஒரே சீராக மின்சாரத்தைக் கடத்துகிறது. கை கால்கள் வெறும் ஒயர்கள்.

எதுவுமே முழு உண்மை இல்லை. இரத்தம் கடத்துகிற அளவுக்குக் காற்று நிறைந்த நுரையீரல் கடத்தாது. இருந்தும் இந்தக் கணக்கு வேலை செய்கிறது. படம் ஓடுகிற அந்தச் சில விநாடிகளில் இந்த அனுமானங்களை நம் கையால் கெடுக்காமல் இருப்பதுதான் நம் தொழில்.

ஒயரிலிருந்து தொடங்குங்கள். கிளிப்பை மணிக்கட்டில் மாட்டினாலும் சற்று மேலே மாட்டினாலும் படம் பெரிதாக மாறாது. கையில் மாவுக்கட்டா, கட்டுக்கு மேலே மாட்டுங்கள். சர்க்கரை நோயால் முழங்காலுக்குக் கீழே எடுத்தவரா, தொடையில் மாட்டுங்கள், தயங்க வேண்டாம். ஆனால் தோள்பட்டையைத் தாண்டி நெஞ்சுக்கு வராதீர்கள். ஒயர் அங்கே முடிந்துவிடுகிறது. முக்கோணம் சுருங்கி அம்பின் திசையே மாறித் தெரியும்.

எங்கள் இயந்திரத்தில் வலது கை சிவப்பு, இடது கை மஞ்சள், இடது கால் பச்சை, வலது கால் கறுப்பு. அமெரிக்க முறை இயந்திரங்களில் நிறங்கள் வேறு. நிறத்தை நம்பாமல் கிளிப்பில் உள்ள எழுத்தைப் படியுங்கள். கறுப்புக்குப் படத்தில் பங்கு இல்லை, இரைச்சலைக் குறைப்பதே அதன் வேலை. அதனால் பச்சையும் கறுப்பும் மாறினால் கிட்டத்தட்ட எதுவும் தெரியாது. இரண்டு கால்களும் ஒரே ஒயரின் இரண்டு நுனிகள்போலத்தானே? சிவப்பும் கறுப்பும் மாறினால் மட்டும் லீட் 2, அதாவது வலது கைக்கும் இடது காலுக்கும் நடுவே அளக்கும் கோடு, ஏறக்குறைய நேர்கோடாகப் படுத்துவிடும். அதைப் பார்த்து நோயாளியைத் தட்டி எழுப்பப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சிவப்பும் மஞ்சளும் மாறுவதுதான் நிஜமான கண்ணி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சிறிய மருத்துவமனையில் நானே அதில் விழுந்தேன். மின்விசிறிக்கு நேராக இருக்கட்டும் என்று யாரோ கட்டிலைத் திருப்பிப் போட்டிருந்தார்கள், தலைமாடு கால்மாடாகியிருந்தது. என் கை பழக்கதோஷத்தில் கதவுப் பக்கக் கையில் சிவப்பை மாட்டியது. இரண்டு கைகளுக்கும் நடுவே அளக்கும் லீட் 1-ல் எல்லா அலைகளும் தலைகீழ்; வலது கையிலிருந்து பார்ப்பதால் வழக்கமாகக் கவிழ்ந்திருக்கும் ஏ.வி.ஆர். லீட் நிமிர்ந்து நின்றது. பார்த்த டாக்டர், இதயம் வலப்பக்கம் இருக்கலாம் என்று எழுதி எக்கோ என்கிற இதய ஸ்கேனுக்கு அனுப்பிவிட்டார். அந்த ஓய்வுபெற்ற கண்டக்டர் பணம் செலவழித்துவிட்டு, “இடப்பக்கம்தான் இருக்கிறதாம் அம்மா” என்று என்னிடமே வந்து சொன்னார்.

விடை அந்த இ.சி.ஜி. தாளிலேயே இருந்தது. நெஞ்சில் வைக்கும் ஆறு குமிழ்களும் எதை வைத்து அளக்கின்றன? அமெரிக்க இதய மருத்துவர் பிராங்க் வில்சன் 1934-ல் சொன்ன ஏற்பாடு அது: இரண்டு கை, ஒரு கால் மூன்றின் சராசரியைப் பூஜ்ஜியமாக வைத்துக்கொள்வது. இதுவும் ஓர் அனுமானம்தான். மூன்றுக்கும் சராசரி என்பதால் கைகள் இடம் மாறினாலும் அந்தப் பூஜ்ஜியம் மாறாது. அந்தக் குமிழ்களின் கோடுகள், வி-1 முதல் வி-6 வரை, சரியாகவே வரும். இதயம் உண்மையிலேயே வலப்பக்கம் இருந்தால் வி-1-லிருந்து வி-6 போகப் போக, மேல்நோக்கி எழும் கூர்முனையான ஆர் அலை வளராமல் தேயும். ஆகவே லீட் 1 தலைகீழாக வந்தால் உடனே நெஞ்சு லீட்களைப் பாருங்கள். அவை ஒழுங்காக வளர்ந்திருந்தால், தாளைக் கிழிக்கும் முன் கிளிப்பைப் பாருங்கள்.

நெஞ்சில் ‘ஒயர்’ சலுகை கிடையாது. அம்புக்கு மிக அருகில் நிற்கிறோம்; ஒரு விலா தவறினாலும் படம் வேறு. கண்ணால் மதிப்பிடாமல் விரலால் எண்ணுங்கள். தொண்டைக்குழியிலிருந்து மார்பெலும்பின்மேல் விரலை இறக்கினால் ஒரு மேடு தட்டும். அதன் பக்கத்தில் சேர்வது இரண்டாவது விலா; அதற்குக் கீழ்ப் பள்ளம் இரண்டாவது இடைவெளி. நான்காவது இடைவெளிவரை எண்ணி, மார்பெலும்பின் வலது ஓரம் வி-1, இடது ஓரம் வி-2. அடுத்து வி-4: ஐந்தாவது இடைவெளி, காறை எலும்பின் நடுவிலிருந்து இறங்கும் கோட்டில். வி-2-க்கும் வி-4-க்கும் நடுவே வி-3. வி-4-ன் மட்டத்திலேயே அக்குளின் முன்கோட்டில் வி-5, நடுக்கோட்டில் வி-6. பெண்களுக்கு மார்பைப் புறங்கையால் உயர்த்தி அதன் அடியில் குமிழை வையுங்கள். செய்யுமுன் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஜெல்லை இழுத்துப் பூசாதீர்கள். இரண்டு குமிழ்களின் ஜெல் ஒன்றோடொன்று கலந்தால் இரண்டும் ஒரே குமிழாகிவிடும்.

இன்னொன்றையும் சொல்லாமலே வைத்துக்கொண்டிருக்கிறோம்: உடம்பில் அந்த நேரம் இதயம் மட்டுமே மின்சாரம் உண்டாக்குகிறது என்று. குளிரில் நடுங்கும் தசை இதற்கு ஒத்துழைக்காது. ஏ.சி.யைக் குறையுங்கள், போர்த்துங்கள், பேச்சுக் கொடுக்காதீர்கள். கோடு மயிர்க்கூச்செறிந்ததுபோல் சீராகத் தடித்தால் அது சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். காய்ந்துபோன கிளிப்பை முதலில் சந்தேகப்படுங்கள்.

காலமெல்லாம் பீடி குடித்து நெஞ்சு பீப்பாய்போல் விரிந்த பெரியவருக்கு அலைகள் குட்டையாக வரும். காற்று கடத்தவில்லை, அவ்வளவுதான். அழகுக்காக உயரத்தைக் கூட்டாதீர்கள். 1 மில்லிவோல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர், விநாடிக்கு 25 மில்லிமீட்டர்: படிப்பவர் இதை நம்பித்தான் கட்டம் எண்ணுகிறார். மாற்றியே ஆகவேண்டுமென்றால் தாளில் எழுதுங்கள். அறுவைக் கட்டு இருந்ததால் வி-3-ஐ ஒரு விலா மேலே வைத்தீர்களா, உட்கார்ந்த நிலையில் எடுத்தீர்களா, அதையும் அங்கேயே பேனாவால் எழுதிவிட்டுக் கொடுங்கள்.