தேக்கு மொட்டையான பிறகு மருந்தடித்து என்ன பயன்?

சித்திரையில் கோடை மழை ஒன்று நன்றாக இறங்கினால் போதும், கொங்கு நாட்டில் வாய்க்கால் ஓரத்துத் தேக்கும் வரப்புத் தேக்கும் மளமளவென்று துளிர்க்கத் தொடங்கும். இரண்டு, மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் சில வருடங்களில் இலை இருந்த இடத்தில் நரம்பும் காம்பும்தான் நிற்கும். அன்றைக்கே பவர் ஸ்ப்ரேயரை வாடகைக்கு எடுத்து மருந்தடிப்பவர்கள் நிறையப் பேர். அந்த மருந்தில் பெரும்பகுதி எந்தப் புழுவின் மேலும் படுவதில்லை. புழு அதற்குள் மரத்தை விட்டு இறங்கியிருக்கும்.

தேக்கு இலையைத் தின்பதில் முதலிடம் ஹிப்ளியா பியூரா என்ற அந்துப்பூச்சியின் புழுவுக்குத்தான். தாய்ப்பூச்சி இளந்தளிராகப் பார்த்து முட்டைகளைத் தனித்தனியாக வைக்கும். பொரித்த புழு இலை விளிம்பைக் கத்தரித்து, மடித்து, அந்த மடிப்புக்குள் ஒளிந்துகொண்டு தின்னும். ஏறக்குறைய 2 வாரத்தில் முழு வளர்ச்சி அடைந்து, நூல் விட்டுக் கீழே இறங்கி, சருகுக்குள் கூட்டுப்புழுவாகிவிடும். அதனால் பார்க்க வேண்டிய நேரம், துளிர் விட்ட முதல் வாரம். தளிரின் விளிம்பில் சின்னச் சின்ன மடிப்புகள் தெரிகிறதா என்று தாழ்ந்த கிளைகளில் தேடுங்கள். புழு சிறியதாக இருக்கும் அந்தச் சில நாளில்தான் வேப்பங்கொட்டைக் கரைசலும் கேட்கும், பாக்டீரியா மருந்தும் கேட்கும்.

தேக்கைத் தின்னும் இன்னொரு புழுவையும் இதுவென்றே நினைத்துக்கொள்வது அடுத்த தவறு. இலையின் நரம்பு வலை அப்படியே சல்லடைபோல் நிற்க, நடுவிலுள்ள பச்சையை மட்டும் சுரண்டித் தின்னும் புழு வேறு. அது பெரும்பாலும் முற்றிய இலையில், இலையுதிர் காலம் நெருங்கும்போது வரும். உதிரப் போகிற இலைக்கு எதற்கு மருந்துச் செலவு? பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கம், பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் நிலம்பூர் இளந்தேக்குத் தோட்டங்களில் இரண்டையும் அளந்து பார்த்தது. தளிர் தின்னும் ஹிப்ளியாவால் கிடைக்க வேண்டிய மர வளர்ச்சியில் சுமார் 44 சதவீதம் போனது. சல்லடைப் புழுவால் சொல்லும்படியான இழப்பு இல்லை.

44 சதவீதம் என்றதும் பயந்து எல்லா மரத்துக்கும் அடிக்கக் கிளம்ப வேண்டாம். இலை போனதால் வளர்ந்த தேக்கு சாவதில்லை, மறுபடியும் துளிர்க்கும். நாற்பது அடி மரத்தின் உச்சிக்குத் தரையிலிருந்து அடிக்கும் மருந்து சரியாகப் போய்ச் சேருவதும் இல்லை, காற்றில் பக்கத்துத் தோட்டத்துக்குத்தான் போகும். காப்பாற்ற வேண்டியது நாற்றங்காலையும் முதல் சில வருடக் கன்றுகளையும்தான். அங்கே புழு நுனிக்குருத்தைத் தின்றுவிட்டால் பக்கக் கிளைகள் போட்டி போட்டு மேலே வரும், தண்டு கவையாகிவிடும். அப்புறம் நேர்மரம் கிடைக்காது. ஆனைமலை போன்ற காட்டுக்குள் இருக்கும் தேக்கைக் காடே பார்த்துக்கொள்ளும். மைனாவும் காக்கையும் கரிச்சானும் புழுவைத் தின்கின்றன, ஒட்டுண்ணிக் குளவிகளும் இருக்கின்றன. புழுக்கள் கொழகொழவென்று தலைகீழாகத் தொங்கிச் செத்துக்கிடந்தால் வைரஸ் நோய் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நேரத்தில் விஷம் அடிப்பது நமக்காக வேலை செய்பவற்றையும் சேர்த்து அழிப்பது.

நம் பக்கத்துக்கே உரிய ஓர் ஆபத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். உடுமலை, கோபி வட்டாரங்களில் எங்கு திரும்பினாலும் மல்பெரித் தோட்டம். தேக்குக்கு அடித்த சாரல் மல்பெரி இலையில் விழுந்து, அந்த இலை பட்டுப்புழு மனைக்குப் போனால் ஒரு தொகுதியே போய்விடும். "இயற்கை மருந்துதானே" என்று பேசிலஸ் துரிஞ்சியென்சிஸ் பாக்டீரியாவை அடிப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். 1901-இல் ஜப்பானில் இஷிவாடா அதை முதன்முதலில் கண்டுபிடித்ததே நோயில் செத்த பட்டுப்புழுவிலிருந்துதான். மனிதனுக்கும் ஆட்டுக்கும் தீங்கு செய்யாத அந்தப் பாக்டீரியா பட்டுப்புழுவுக்கு எமன். பக்கத்தில் மல்பெரி இருந்தால் அது வேண்டவே வேண்டாம்.

தீவன மரங்களுக்கும் இதே கவனம் வேண்டும். தீக்குச்சி மரம் என்று நாம் சொல்லும் பெருமரத்தின் தழையை ஆட்டுக்கு வெட்டிப் போடுகிறோம். அதன் இலையைத் தின்னும் எலிக்மா புழு, மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டையும் வெள்ளை முடியுமாக இருக்கும். விஷமடித்த தழை ஆட்டின் வயிற்றுக்குள்தானே போகும்? இந்தப் பூச்சிக்கு மருந்தைவிட எளிய வழி உண்டு. அது பட்டையின் நிறத்திலேயே அடிமரத்தில் கூடு கட்டும். கூட்டைத் தொட்டால் உள்ளேயிருந்து கிறுகிறு சத்தம் வரும். சுரண்டி எடுத்து அழித்தால் அடுத்த தலைமுறை குறையும். இலைகளை நூலால் பின்னிக் கூடாக்கித் தின்னும் அட்டேவா புழு வந்தால், கைக்கு எட்டும் கன்றில் அந்தக் கூட்டை அப்படியே கிள்ளி எடுத்துவிடலாம்.

வேப்பங்கொட்டைக் கரைசல் கேட்கவில்லை என்று குறை சொல்பவர்கள், செய்த விதத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி 100 லிட்டராக்க வேண்டும். கொஞ்சம் காதி சோப் கரைத்தால்தான் இலையில் ஒட்டும். பூசணம் பிடித்த பழைய கொட்டையில் சத்து இருக்காது. உச்சி வெயிலில் அடித்தாலும் வீண், வெயில் அந்தச் சத்தைச் சிதைத்துவிடும். சாயங்காலம் அடியுங்கள். புழு உடனே விழாது, தின்பதை நிறுத்தும், தோலுரிக்க முடியாமல் சாகும்.

சருகுக்குள் கூட்டுப்புழு இருக்கிறதே என்று சருகுக்குத் தீ வைப்பது கூடவே கூடாது. மேட்டுப்பாளையம், தொண்டாமுத்தூர் மாதிரி மலையடிவாரத்தில் அந்தத் தீ காட்டுக்குள் ஏறிவிடும். நாட்டுக்கோழியை மேய விட்டால் சருகைக் கிளறிப் பொறுக்கித் தின்னும்.

புழுவே இல்லாத இடத்தில் புழு மருந்து அடிப்பதும் நடக்கிறது. புங்கன் இலையில் கொப்புளம் கொப்புளமாகத் தெரிவது கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேனின் வேலை. வேம்பின் நுனிகள் கருகி நிற்பதற்குக் காரணம் தேயிலைக் கொசு என்ற சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் பூஞ்சையும். சந்தேகம் இருந்தால் புழுவையும், அது தின்ற இலையையும் காற்றோட்டமுள்ள டப்பாவில் போட்டு, மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரிக்கோ, கோவை ஆர்.எஸ்.புரத்தில் உள்ள வன மரபியல் மற்றும் மரப் பெருக்கு நிறுவனத்துக்கோ கொண்டுபோய்க் காட்டுங்கள். மரத்தின் வயதையும், துளிர் விட்டு எத்தனை நாள் ஆனது என்பதையும் குறித்து எடுத்துப் போங்கள்.