கொதிக்க வைத்தால் போதுமா? யாழ்ப்பாணக் கிணறுகளில் நாம் விடும் பிழைகள்

"எங்கட கிணத்துத் தண்ணி நல்ல தண்ணி" என்று யாழ்ப்பாணத்தில் பெருமையாகச் சொல்வார்கள். நல்ல தண்ணீர் என்றால் இங்கே சவர், அதாவது உப்புக்கரிப்பு, இல்லாத தண்ணீர். சவரை நாக்கு கண்டுபிடித்துவிடும். உரத்திலிருந்தும் மலக்கழிவிலிருந்தும் தண்ணீரில் கலக்கும் நைத்திரேற்று என்ற பொருளுக்கு நிறமோ மணமோ இல்லை, குடித்துப் பார்த்தும் தெரியாது. வாயில் வைத்துப் பார்த்துக் கிணற்றை நம்புவதுதான் முதல் பிழை.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. மழைநீர் மண்ணில் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் தேங்குகிறது; அதைத்தான் குடிக்கிறோம். குடாநாட்டின் ஒரு பகுதியான வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை என்று தோட்டம் ஓய்வதில்லை. பயிர் எடுத்தது போக மிஞ்சும் யூரியா நைத்திரேற்றாகி மாரி மழையோடு கீழே போகிறது. மலக்குழியில் இருந்து இறங்குவதும் இதேதான். குடிநீரில் நைத்திரேற்றுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். வலிகாமத்துக் கிணறுகள் சிலவற்றில் ஆய்வாளர்கள் அதற்கு மேலேயே கண்டிருக்கிறார்கள்.

"கொதிக்க வைச்சுத்தானே குடிக்கிறம்" என்பார்கள். எனக்குப் பயம் தருவது இந்த நம்பிக்கைதான். கொதித்தால் கிருமி சாகும், சரி. நைத்திரேற்று அப்படியே கிடக்கும். தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற அதன் செறிவு கூடும். குளோரின் போட்டாலும் போகாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். தாய்ப்பால் கொடுக்க முடியாத வீடுகள், பரிசோதித்த தண்ணீரைத் தவிர வேறெதையும் புட்டியில் ஊற்றக் கூடாது.

அப்புறம் மலக்குழி. வளவுக்குள் கிணற்றுக்கு எட்டவாகத்தான் வெட்டியிருப்போம். வேலிக்கு அந்தப் பக்கம் அயலவரின் குழி நம் கிணற்றுக்கு எவ்வளவு கிட்ட இருக்கிறதென்று அளந்து பார்ப்பதில்லை. 30 மீற்றர் என்பது பொதுக் கணக்கு. வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் கழிவு வடிபடாமலே ஓடிவிடும் என்பதால் அந்தத் தூரமும் போதாமல் போகலாம். குழியை ஆழமாக்கினால் நல்லது என்பதும் தவறு. மாரியில் நீர்மட்டம் ஏறி நிற்கும் இடத்துக்குக் குறைந்தது 1.5 மீற்றர் மேலே குழியின் அடி இருக்க வேண்டும். அதற்கு வசதி இல்லாத நிலத்தில், அடியும் சுவரும் பூசிய கசியாத தொட்டி கட்டி, நிரம்ப நிரம்ப எடுப்பிப்பதுதான் வழி.

கோடையில் கிணற்றை இன்னும் தோண்டுவதும் ஆபத்து. நன்னீர் இங்கே உவர்நீருக்கு மேல் மிதக்கிறது. மேலே நன்னீர் 1 அடி குறைந்தால், கீழே உவர் ஏறத்தாழ 40 அடி ஏறக்கூடும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு.

பயிருக்குப் பூச்சிமருந்தடித்த தாங்கியைக் கிணற்றடியில் கழுவாதீர்கள். தண்ணீரைக் கோடையில் ஒருமுறை, மாரி தொடங்கிச் சில கிழமைகளில் இன்னொருமுறை பரிசோதிக்கக் கொடுங்கள். நைத்திரேற்றையும் பார்க்கும்படி கேட்டுக் கொடுங்கள்; கிருமிக்கு மட்டும் பார்த்தால் அது அகப்படாது.