ஐரோப்பிய ரயில்களில் ஆசனத்தை எப்போது முற்பதிவு செய்வது?

பாரிஸ், சூரிச், டோட்முண்ட் என்று உறவுகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து புறப்படுவோர், விமானச் சீட்டு கைக்கு வந்ததும் கேட்பது, அங்குள்ள ரயில்களுக்கு இங்கிருந்தே ஆசனம் பதிய வேண்டுமா என்பதைத்தான். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கொழும்பு ரயிலில் இடம் கிடைக்காமல் அலைந்தவர்கள், எல்லாவற்றையும் முற்கூட்டியே பதிந்துவிட நினைப்பது இயல்பு. ஆனால் அங்கே பல ரயில்களில் பயணச்சீட்டு வேறு, ஆசனம் வேறு. ஆகவே ஆசனம் இல்லாமல் ஏறக்கூடிய ரயிலா, ஏற முடியாத ரயிலா என்பதையே முதலில் அறிய வேண்டும்.

பிரான்சின் அதிவேக ரயிலான ரி.ஜி.வி., பாரிசிலிருந்து லண்டனுக்கும் கொலோனுக்கும் செல்லும் யூரோஸ்ரார், பாரிசையும் சூரிச்சையும் இணைக்கும் லிரியா, இத்தாலி, ஸ்பெயின் ஆகிய நாடுகளின் அதிவேக ரயில்கள், படுக்கை வசதியுள்ள இரவு ரயில்கள் ஆகியவற்றில் ஆசனம் கட்டாயம். நாள் நெருங்க நெருங்க இவற்றின் கட்டணமும் பெரும்பாலும் ஏறும் என்பதால், இவற்றையே முதலில் பதிய வேண்டும். எனினும் விசா கிடைக்கும் முன் பணம் திரும்பாத மலிவுச் சீட்டை வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதங்கள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நேரத்தோடு விண்ணப்பித்து, விசாவுடன் கடவுச்சீட்டு திரும்பி வந்த அன்றே சீட்டை வாங்குங்கள். பாரிஸ் மாணிக்க விநாயகர் ஆலயத் தேருக்குப் போகிறவர்கள் இதில் சுணங்கவே கூடாது, ஏனெனில் அது பிரான்சில் கோடை விடுமுறை முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் காலத்தை ஒட்டி வருகிறது.

பல நாட்டு ரயில்களிலும் செல்ல ஒரே சீட்டாக உதவும் யூரெயில் பாஸ் வைத்திருப்பவர்களுக்கும் இந்த ரயில்களில் விலக்கு இல்லை. ஆசனத்துக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். பாஸ்காரருக்கென ஒதுக்கப்படும் இடங்களும் மட்டுப்பட்டவை.

சுவிற்சர்லாந்தில், கிளேசியர் எக்ஸ்பிரஸ் போன்ற சுற்றுலா ரயில்களைத் தவிர, உள்நாட்டு ரயில்களுக்கு முற்பதிவு தேவையில்லை.

யோசித்து முடிவெடுக்க வேண்டிய நாடு ஜேர்மனி. அங்கே உள்ளூர் ரயில்களில் ஆசனப் பதிவுக்குத் தேவையே இல்லை. ஹம் நகரிலுள்ள காமாட்சி அம்பாள் கோயிலுக்கு டோட்முண்டிலிருந்து போகிறவர்கள் சீட்டை எடுத்துக்கொண்டு ஏறினால் போதும். ஐ.சி.ஈ. எனப்படும் விரைவு ரயில்களில் உள்நாட்டுப் பயணத்துக்கு ஆசனம் பதிவது உங்கள் விருப்பம். வார நாளில் முற்பகல் வேளையில் தனியாகப் போகும் இளையவர் பதியாமலே போகலாம். வெள்ளி, ஞாயிறு பின்னேரங்களிலும், பெருநாளுக்கு முந்திய நாளிலும், முதியவர்களோ குழந்தைகளோ கூட வரும்போதும் கட்டாயம் பதியுங்கள். ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், இடம் இருக்கும் என்று நம்பி அம்மாவைப் பதிவில்லாமல் கூட்டிச் சென்றேன். ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும் அடைத்த பெட்டியின் மேல், கதவோரத்தில், ஒன்றரை மணி நேரம் அவர் உட்கார்ந்து வந்தார். சில யூரோவை மிச்சம் பிடித்ததற்காக இன்றும் வருந்துகிறேன். குடும்பத்துக்கென முன்பு இருந்த சலுகைப் பதிவு 2025 ஜூனில் நிறுத்தப்பட்டதால், இப்போது ஒவ்வோர் ஆசனத்துக்கும் தனித்தனியே கட்டணம் உண்டு.

பதியாமல் ஏறினால், ஆசனத்தருகே உள்ள சிறு திரையைப் பாருங்கள். அதில் பிராங்பேர்ட், கொலோன் என்று இரு ஊர்ப் பெயர்கள் இருந்தால், அந்த இடைவெளிக்கு மட்டுமே அது இன்னொருவருக்கு உரியது. பிராங்பேர்ட் வரும்வரை நீங்கள் இருக்கலாம். பதிந்தவர் ரயில் புறப்பட்டு 15 நிமிடத்துக்குள் வந்து அமராவிட்டால் அவருடைய உரிமை போய்விடும். இது உங்களுக்கும் பொருந்தும் என்பதால், மேடையிலுள்ள பலகையில் உங்கள் ரயில்பெட்டி, மேடையின் பகுதிகளைக் குறிக்கும் A, B போன்ற எழுத்துகளில் எதற்கு நேரே நிற்கும் என்று பார்த்து, அங்கேயே காத்திருங்கள்.

பெற்றோருக்கு இரண்டு தட்டு ரி.ஜி.வி.யில் பதியும்போது கீழ்த்தட்டைத் தெரிவு செய்யுங்கள். மேல்தட்டுக்கான படிகள் ஒடுக்கமானவை, பெரிய பெட்டியுடன் முழங்கால் வலிக்காரர் ஏறுவது கடினம்.