கால்வினிஸ்ட்டா அர்மீனியனான்னு சண்டைக்கு இறங்குறதுக்கு முன்னாடி

இவாஞ்சலிக்கல் சபைக்குள்ள நடக்குற விவாதங்கள்ல நானும் இறங்கி நிறைய கத்தியிருக்கேன், இப்ப திரும்பி பாத்தா எதிர்ல இருந்தவர் சொன்னதுக்கு பதில் சொன்னத விட அவர் சொல்லாததுக்கு பதில் சொன்னதுதான் ஜாஸ்தி. அதனால நான் பண்ண தப்பையும் சேத்தே எழுதுறேன்.

முன்குறிப்பு, அதாவது யார் ரட்சிக்கப்படுவாங்கன்னு தேவன் முன்னாடியே தீர்மானிக்கறதுங்கற விஷயத்துலருந்து ஆரம்பிப்போம், அதுலதான் சூடு அதிகம். அந்த தேர்வு முழுக்க தேவனோடதுன்னு சொல்றவங்க சீர்திருத்தவாதி கால்வின் வழி வந்த கால்வினிஸ்ட், மனுஷன் கிருபைய எதிர்த்து தள்ள முடியும்னு சொல்றவங்க அர்மீனியஸ் வழி வந்த அர்மீனியன். "கால்வின் எழுதின அஞ்சு பாயிண்ட்"னு சர்வ சாதாரணமா சொல்றாங்க, ஆனா கால்வின் 1564லயே இறந்துட்டார். அர்மீனியஸ் 1609ல இறந்தார், அடுத்த வருஷம் அவரோட ஆளுங்க அஞ்சு கட்டுரை எழுதி குடுத்தாங்க, அதுக்கு பதிலாத்தான் 1618-19ல நெதர்லாந்துல டோர்ட் சங்கம்ங்கற சபைத் தலைவர்களோட கூட்டம் கூடி தீர்ப்பு எழுதுச்சு. அதாவது அந்த அஞ்சும் இன்னொருத்தர் எழுப்பின அஞ்சுக்கு பதில், கால்வினிசம் மொத்தமும் அதுக்குள்ள அடங்கிடாது. அந்த அஞ்சோட இங்கிலீஷ் முதலெழுத்த சேத்த "டியூலிப்"ங்கற சுருக்கம் அதுக்கும் ரொம்ப பின்னாடி இங்கிலீஷ்ல வந்தது.

இன்னொரு பக்கம், அர்மீனியன்னா "மனுஷன் சொந்த முயற்சியில ரட்சிக்கப்படுறான்னு சொல்றவன்"னு ஒரு பேச்சு. அது பழைய காலத்துல சபை தள்ளி வெச்ச பெலாகியஸ் மேல வெச்ச குற்றச்சாட்டுங்க, அர்மீனியஸ் அப்படி சொல்லவே இல்ல, கிருபை முந்தி வந்து தொடலன்னா மனுஷனால தேவன் பக்கம் திரும்பவே முடியாதுன்னுதான் அவரும் சொன்னார், அந்த கிருபைய மனுஷன் எதிர்த்து தள்ள முடியுமா முடியாதாங்கறதுதான் சண்டையில ஒரு முக்கியமான இடம். அதே மாதிரி கால்வினிஸ்ட் எல்லாம் "சுவிசேஷம் சொல்ல வேண்டியதில்ல"ன்னு நினைக்கிறவங்கன்னு சொல்றதும் அபாண்டம், மிஷனரி வில்லியம் கேரியும் பிரசங்கியார் ஜார்ஜ் விட்ஃபீல்டும் கால்வினிஸ்ட்தான். விட்ஃபீல்டுக்கும் அர்மீனியனான ஜான் வெஸ்லிக்கும் இதே விஷயத்துல 1739லருந்து அச்சுலயே மோதல், ஆனா 1770ல விட்ஃபீல்ட் இறந்தப்ப அவருக்காக அஞ்சலி பிரசங்கம் பண்ணது வெஸ்லி.

தேவனோட தேர்வ பேசற ரோமர் 9ஐ கால்வினிஸ்ட் எறிய, விசுவாசிக்கிறவன் எவனோன்னு சொல்ற யோவான் 3:16ஐ அர்மீனியன் எறியன்னு வசனத்த கல்லு மாதிரி வீசிக்கறத விடுங்க. எதிர்ல இருக்கறவர் அந்த வசனத்த படிக்காமலா இருப்பார், அதை எப்படி புரிஞ்சுக்கறார்னு முதல்ல கேளுங்க.

அடுத்தது வேதத்துல பிழை இல்லங்கற விவாதம். "சூரியன் உதிக்குதுன்னு பைபிள்ல இருக்கே, அப்ப பிழைதானே"ன்னு மடக்கறதா நினைச்சு கேக்கறவங்க வேதத்துல பிழை இல்லன்னு சொல்றவங்க 1978ல வெளியிட்ட சிகாகோ அறிக்கைய ஒரு தடவ படிக்கலாம், கண்ணுக்கு தெரியற மாதிரி இயற்கைய சொல்றது, எண்ணிக்கைய முழுசாக்கி சொல்றது எல்லாம் பிழை இல்லன்னு அதோட 13ஆவது பிரிவுலயே இருக்கு. ஆனா இந்த பக்கமும் ஒரு தப்பு இருக்கு: "24 மணி நேர ஆறு நாள்ல படைப்புன்னு நம்பலன்னா நீ வேதத்தையே மறுக்கற." பிழையின்மைக்காக வாதாடினவங்கள்ல பெரிய ஆள் பி.பி. வார்ஃபீல்ட், மனுஷ இனத்துக்கு எத்தன வயசுங்கறது தியாலஜிக்கு ஒரு விஷயமே இல்லன்னு 1911ல எழுதினவரே அவர்தான்.

இரகசிய வருகை, அதாவது கடைசி கால உபத்திரவத்துக்கு முன்னாடியே இயேசு வந்து விசுவாசிகள தனியா எடுத்துக்குவார்ங்கற போதனை? 1 தெசலோனிக்கேயர் 4:17ல "எடுத்துக்கொள்ளப்பட்டு"ன்னு இருக்கறத எல்லா தரப்பும் நம்புது, சண்டை எப்போ, உபத்திரவத்துக்கு முன்னாடி தனியாவாங்கறதுல மட்டும்தான். "டார்பிங்கற போதகர் 1830கள்ல கிளப்பி விட்டது, விளக்கக் குறிப்போட வந்த ஸ்கோஃபீல்ட் பைபிள் 1909ல பரப்புச்சு, அதனால தப்பு"ன்னு முடிக்கறவங்களுக்கு ஒண்ணு, கூட்டம் முடிஞ்சு முன்னாடி வரச்சொல்லி அழைப்பு குடுக்கற பழக்கமும் பரவலானது 19ஆம் நூற்றாண்டுலதான், அதையும் விட்டுடறீங்களா? எப்போ வந்துச்சுங்கறது ஒரு கேள்வி, வேதத்துல இருக்காங்கறது வேற கேள்வி.

பெண்கள் போதிக்கலாமாங்கற விவாதத்துல ஒரே வசனத்துல கதைய முடிக்கப் பாக்கறது ரெண்டு பக்கமும் இருக்கு. பெண் போதிக்கவும் புருஷன் மேல அதிகாரம் செலுத்தவும் கூடாதுங்கற 1 தீமோத்தேயு 2:12ல அதிகாரம் செலுத்தறதுக்கு வர்ற கிரேக்க வார்த்தை புதிய ஏற்பாட்டுலயே அந்த ஒரு இடத்துலதான் வருது, அதனால "தெளிவா இருக்கே"ன்னும் சொல்ல முடியாது, "அர்த்தமே தெரியாது"ன்னு ஒதுக்கவும் முடியாது. இதுலயே பெரிய தப்புன்னு நான் நினைக்கிறது திரித்துவத்த இழுத்து விடுறது. குமாரன் பிதாவுக்கு நித்தியமா கீழ்ப்பட்டிருக்கார், அதே மாதிரி மனைவி புருஷனுக்குன்னு வெய்ன் க்ரூடெம், ப்ரூஸ் வேர் மாதிரி தியாலஜி ஆட்கள் ரொம்ப நாளா சொல்லிட்டு இருந்தாங்க, 2016ல அது பெருசா வெடிச்சுது. வேடிக்கை என்னன்னா அவங்கள பலமா எதிர்த்ததுல பெண் போதகர் கூடாதுன்னு சொல்றவங்களே பல பேர், பிதாவும் குமாரனும் ஒரே தன்மைன்னு சொல்ற பழைய நிசேயா விசுவாச அறிக்கைக்கே இது ஒத்து வராதுன்னாங்க. நானும் அவங்க பக்கம்தான். ஆனா அதுக்காக க்ரூடெம்ம, குமாரன் படைக்கப்பட்டவர்னு சொன்ன ஆரியஸோட ஆளுன்னு திட்டறது அநியாயம், பிதாவும் குமாரனும் ஒரே தன்மைன்னு அவரும்தான் அறிக்கை பண்றார்.

நரகத்த பத்தி சுருக்கமா: துன்மார்க்கர் கடைசியில இல்லாமப் போயிடுவாங்கன்னு சொல்றதும், எல்லாரும் ரட்சிக்கப்படுவாங்கன்னு சொல்றதும் ஒண்ணு இல்ல. ஆங்கிலிகன் போதகர் ஜான் ஸ்டாட் 1988ல தயக்கத்தோட முதல் கருத்து பக்கம் சாஞ்சார், ரெண்டாவத ஏத்துக்கல.

அப்புறம் பவுலைப் பத்தின "நியூ பெர்ஸ்பெக்டிவ்", அதாவது பவுல் காலத்து யூத மதம் நற்செயலால ரட்சிப்ப சம்பாதிக்கற மதம் இல்ல, அதனால பவுல மறுபடி படிக்கணும்ங்கற பார்வை. படிக்காமலே திட்டு வாங்கறதுல இதுக்குத்தான் முதல் இடம். 1977ல சாண்டர்ஸ் புத்தகத்துல தொடங்கி டன், என்.டி. ரைட்னு போகுது, மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒத்துக்காத இடம் ஏகப்பட்டது இருக்கு. அதனால "நியூ பெர்ஸ்பெக்டிவ் கள்ள உபதேசம்தானே"ன்னு யாராவது கேட்டா, யாரோடத சொல்றீங்கன்னு திருப்பி கேளுங்க.