ஸ்டீல் ரோடு சைக்கிள்: புதிது வாங்குவதா, 1980-களின் பழையதா?

பழைய சைக்கிளுக்கு விற்பவர் சொல்லும் தொகை முழு விலை ஆகாது. இரண்டு டயர், இரண்டு ட்யூப், செயின், ஃப்ரீவீல், நான்கு பிரேக் கட்டை, பிரேக்குக்கு இரண்டு கேபிள், கியருக்கு இரண்டு, அவற்றின் உறை, ஹேண்டில்பார் டேப், பால்ஸ், கிரீஸ் என்று இத்தனையும் மாற்றினால்தான் இறக்கத்தில் நம்பி விடலாம். இந்தச் சாமான்களுக்கு முதலில் கடையில் விலை கேட்டுவிடுங்கள். அதையும் சேர்த்தால் புதிய வண்டியின் விலையில் பாதியைத் தாண்டுகிறது என்றால் பழையதை விட்டுவிடலாம். மழையானாலும் வெயிலானாலும் தினம் வேலைக்குப் போகும் ஒரே வண்டி என்றாலும் புதிதே சரி. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு, வீட்டில் இன்னொரு வண்டியும் நிற்கிறது என்றால், பழையது நல்ல பேரம்.

ஸ்டீல் என்றாலே குலுங்காது என்பார்கள். ஓரளவுதான் உண்மை. எந்த வகை ஸ்டீலை எடுத்தாலும் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. வலிமைதான் வேறுபடும். வலிமை கூடினால் குழாயின் சுவரை மெலிதாக இழுக்கலாம், எடை குறையும். 1935-இல் வந்த இங்கிலாந்தின் ரெனால்ட்ஸ் 531, இத்தாலியின் கொலம்பஸ் எஸ்.எல். என்ற இரண்டு குழாய் வகைகளும் அப்படி இழுத்தவை. எஸ்.எல். குழாயில் முனைகளில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. பழைய ஃபிரேமில் மேல் குழாயின் விட்டம் 25.4, கீழ்க் குழாய் 28.6. இன்றைய ஃபிரேமில் பெரும்பாலும் 28.6, 31.8. பழையது கொஞ்சம் வளைந்து கொடுப்பதும் புதியது மிதித்ததும் பாய்வதும் இதனால்தான். மற்ற சொகுசெல்லாம் டயரில். பழைய பந்தய ஃபிரேமில் 25, மிஞ்சினால் 28 மி.மீ. டயர் போகும். டிஸ்க் பிரேக் வைத்த புதிய ஃபிரேம்கள் பலவற்றில் 32-க்கு மேலும் போகும்.

ஸ்டிக்கர் உரிந்து, எந்தக் குழாய் என்று தெரியவில்லையா? சீட் போஸ்ட்டை உருவி அதில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 27.2 என்றால் மெல்லிய, நல்ல குழாய். 26-க்குக் கீழே இறங்கினால் தடித்த, கனமான குழாய். பிரெஞ்சு வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே நல்ல 531-லேயே 26.4 வரும்.

சீட் போஸ்ட் உருவ வரவில்லை என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஸ்டீல் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட் கிரீஸ் இல்லாமல் பல ஆண்டு கிடந்தால், ஈரம் பட்டு இரண்டும் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். கடைசியில் ரம்பத்தால் உள்ளிருந்து அறுத்தெடுக்க வேண்டிவரும். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்முக்கும் இதே கதி. விலை பேசுமுன் இரண்டையும் அசைத்துப் பாருங்கள். விற்பவர் தடுத்தால் காரணம் புரிந்துவிடும்.

அடுத்து மரை. கிராங்க் சுழலும் பாட்டம் பிராக்கெட் கூடுதான் பழைய வண்டியின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் இடம். ஆங்கிலேய அளவு 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, கூட்டின் அகலம் 68 மி.மீ., செயின் பக்கக் கப் (கூட்டில் திருகும் பேரிங் கிண்ணம்) இடஞ்சுழி. இதை பிஎஸ்ஏ மரை என்பார்கள். நம் ஊர்த் தெருக்களில் ஓடிய பிஎஸ்ஏ சைக்கிளின் பெயரும் அதே பர்மிங்ஹாம் நிறுவனத்திலிருந்து வந்ததுதான். இந்த மரை என்றால் கவலையில்லை, இன்றும் புதிய பேரிங் செட் எளிதாகக் கிடைக்கும். இத்தாலிய அளவு 36 மி.மீ., அகலம் 70, இரண்டு பக்கமும் வலஞ்சுழி. சாமான் கிடைக்கும், ஆனால் செயின் பக்கக் கப் மிதிக்க மிதிக்கத் தானே கழன்று வரும். முழு பலத்தில் இறுக்க வேண்டும். பிரெஞ்சு அளவு 35 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ., சாமான் தேடி அலைய வேண்டும். ராலே என்ற ஆங்கிலேய நிறுவனம் நாட்டிங்ஹாமில் செய்த மலிவான மாடல்களில் அங்குலத்துக்கு 26 மரை இருக்கும், அதில் பிஎஸ்ஏ கப்பைத் திணித்தால் மரை பாழாகும். இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்றால் 1980-களின் ஜப்பானிய வண்டி பாருங்கள்: மியாட்டா, ஃபூஜி, பானசோனிக், நிஷிகி. பெரும்பாலும் பிஎஸ்ஏ மரை, சுத்தமான பற்றவைப்பு, இத்தாலியப் பெயருக்குக் கொடுக்கும் அதிகப் பணமும் மிச்சம்.

பின்சக்கரம் உட்காரும் இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். 120 மி.மீ. என்றால் ஐந்து பல்சக்கரக் காலம், 126 என்றால் ஆறு, ஏழு. எட்டும் அதற்கு மேலும் என்றால் 130. ஸ்டீல் ஃபிரேம் என்பதால் 126-ஐ 130-க்கு விரிக்கலாம், பக்கத்துக்கு 2 மி.மீ. வளைத்தால் போதும். வளைத்தபின் ஒரு நூலை இடது டிராப்அவுட்டில் (பின் ஆக்சில் உட்காரும் காடி) கட்டி, ஹேண்டில்பாருக்குக் கீழே உள்ள ஹெட் குழாயைச் சுற்றி வலது டிராப்அவுட்டுக்குக் கொண்டுவாருங்கள். நூலுக்கும் சீட் குழாய்க்கும் உள்ள தூரம் இரு பக்கமும் 1 மி.மீ.க்குள் ஒத்திருக்க வேண்டும். வாங்குமுன்பே இதே நூலைக் கட்டினால் ஃபிரேம் கோணலா என்பதும் தெரிந்துபோகும்.

விபத்தில் அடிபட்டதா என்பதைக் கண்ணைவிட விரல் நன்றாகச் சொல்லும். ஹெட் குழாயிலிருந்து நான்கைந்து விரற்கடை பின்னால், கீழ்க் குழாயின் அடிப்பக்கத்தை மெதுவாகத் தடவுங்கள். பெயின்ட்டுக்கு அடியில் ஒரு சிறு மேடு, சுருக்கம் தட்டுப்பட்டால் வண்டி முன்னால் மோதியிருக்கிறது. வேண்டவே வேண்டாம். ஃபோர்க் பின்னோக்கித் தள்ளியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். செயின் பக்க டிராப்அவுட் குழாயோடு சேரும் இடத்தில் முடி போன்ற விரிசல் உண்டா பாருங்கள். பின்சக்கரத்தைக் கழற்றி ஆக்சிலை விரலால் சுழற்றினால் முனை ஆடக் கூடாது. ஃப்ரீவீல் வகை ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சில் வளைவது அதன் பிறவிக் குறை.

குரோம் பூசிய இரும்பு ரிம் இருந்தால் மாற்றிவிடுங்கள், மழையில் பிரேக் பிடிக்காது. 27 அங்குல டயர் என்று போட்டிருந்தால் ரிம்மின் விட்டம் 630 மி.மீ., இன்றைய 700சி 622. மாற்றினால் பிரேக் கட்டை 4 மி.மீ. கீழே இறங்க வேண்டும். பிரேக் கையின் காடியில் அந்த இடம் மிச்சம் இருக்கிறதா என்று முன்னரே பாருங்கள்.

மேடு ஏறுபவர்கள் கியரை மறக்கக் கூடாது. பழைய பந்தய வண்டியில் முன்னால் 52, 42, பின்னால் பெரியது 24 பல். பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரம் 1.75 சுற்று, மலைப்பாதையில் முழங்கால் கெஞ்சும். புதியதில் 34-க்கு 34 கிடைக்கும், சுற்றுக்குச் சுற்று. பழையதில் முன்பல்லைக் குறைக்கவும் வரம்பு உண்டு: முன்பல்லைப் பிடிக்கும் போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம் 144 மி.மீ. என்றால் 41 பல்லுக்குக் கீழே போகாது, 130 என்றால் 38.

புதியதில் பார்க்க வேண்டியவை குறைவு. முன் முக்கோணம் மட்டும் குரோமோலியாக (குரோமியம், மாலிப்டினம் கலந்த வலுவான ஸ்டீல்) இருந்து, பின் குழாய்கள் மலிவான ஸ்டீலாக இருக்கலாம், கேளுங்கள். பாட்டம் பிராக்கெட் அழுத்திச் சொருகும் வகை வேண்டாம், மரை வகை வாங்குங்கள். மட்கார்டு மாட்டத் துளை, பின் கியர் மாற்றியைத் தாங்கும், தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய டிரெய்லியர் ஹேங்கர் இரண்டும் இருக்கட்டும்.

எதை வாங்கினாலும் முதல் நாளே சீட் போஸ்ட்டை உருவி, தலைகீழாகக் கவிழ்த்து உள்ளே தேங்கிய தண்ணீரை வடியுங்கள். குழாய்க்குள் துருத் தடுப்பு எண்ணெய் தெளித்து, போஸ்ட்டில் கிரீஸ் தடவித் திரும்பப் போடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் இதையே செய்யுங்கள்.